மறுகா

கல்முனை நகர மண்டப மதிலில்
பெனர் கட்டியிருக்கிறார்கள்:
உங்கள் மூளையில் தொண்ணூறு வீதம் தூங்குகிறது.
எழுப்ப ஒருநாள் பயிற்சி. மூவாயிரம் ரூபாய்.
பகலுணவு உண்டு.
ஒரு பக்கக் கயிறு அறுந்து
அந்தத் தொண்ணூறு காற்றில்
மடிந்து மடிந்து விரிகிறது.

பஸ்ஸால் இறங்கி அதைக் கடந்துதான்
ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.
பேச்சுப் பயிற்சி அறை:
இரண்டு கதிரை, ஒரு கண்ணாடி,
படம் ஒட்டிய அட்டைகள் நூற்றிருபது.

ஆதம்பாவா முப்பத்தொரு வருடம் கொண்டக்டர்.
போன மழைக்காலம், சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு
இடப்பக்க மூளையில் ஒரு குழாய் அடைத்துக்கொண்டது.
கரண்டியைக் காட்டினால் "டிக்கெட்" என்கிறார்.
குடை? "டிக்கெட்."
பூனை?
நெடுநேரம் பார்த்து,
"அரை டிக்கெட்."
இருவரும் சிரித்தோம்.
அவருக்கு ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன்.
செத்த இடம் முந்திரிக்கொட்டை அளவு, கறுப்பாய்.
மற்றப்படி, தூங்கும் நிலம் என்று
யாரும் எனக்குக் காட்டித்தந்ததில்லை.
காத்தான்குடி மாதிரித்தான் உள்ளே:
சுவரோடு சுவர், கூரையோடு கூரை,
விற்க ஒரு வெறும் வளவு இல்லை.
நடுச்சாமத்திலும் எல்லா வீட்டிலும்
யாரோ ஒருவர் எழும்பி நடமாடுகிறார்.

உங்கட மகன்ட பெயர் என்ன?
உதடு குவிகிறது. குவிந்தபடியே நிற்கிறது.
காத்தான்குடியில் கலியாணம் முடித்த மகன்
பக்கத்தில்தான் நிற்கிறார்,
பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திருகி.

ஒருநாள், ஏனென்று தெரியாது,
"கல்முனை" என்றேன்.
முதுகு நிமிர்ந்தது.
நல்ல கை மேலே போய்
இல்லாத கம்பியைப் பிடித்தது.
"பாண்டிருப்பு மருதமுனை பெரியநீலாவணை
பெரியகல்லாறு கோட்டைக்கல்லாறு ஓந்தாச்சிமடம்
களுவாஞ்சிக்குடி..."
மூச்சு முட்டி நின்றார்.
"மறுகா?"
"எருவில் செட்டிபாளையம் குருக்கள்மடம்
கிரான்குளம் தாழங்குடா ஆரையம்பதி
காத்தான்குடி."
"மறுகா?"
"இறங்கு, இறங்கு...
முஸம்மில்."

பிளாஸ்க் மூடி கீழே விழுந்து உருண்டது.
எடுக்க யாரும் குனியவில்லை.

அதற்குப் பிறகு மகனைக் கூப்பிட
ஒவ்வொரு முறையும் கல்முனையில் ஏறினார்.
ஒரு மாதத்தில் களுவாஞ்சிக்குடியில் ஏறினார்.
மறுகா ஆரையம்பதியில்.
தலைநோன்பன்று பஸ்ஸே இல்லாமல்
"முஸம்மில், தண்ணி" என்றாராம்.
கறுப்புக்கு அக்கம்பக்கத்தில் இருந்தவை
தங்கள் சாமான்களை ஒதுக்கி
ஒரு அறை விட்டிருக்க வேண்டும்.
கரண்டி இன்னும் டிக்கெட்தான்.

உயர்தரத்துக்கு உயிரியல் படிக்கும் மகள்
இரவு கேட்கிறாள்:
"அம்மா, மனிச மூளை இன்னும் கூர்ப்படையுதா?
இல்லாட்டி இவ்வளவுதானா?"
என் போன் நம்பரே பாடமில்லாதவள்.
மண்டையோடு மாறப் பல நூறு தலைமுறை என்கிறது
அவள் புத்தகம்.
ஆதம்பாவாவுக்கு மூன்று மாதம்.
ஆனால் அவர் வெட்டிய வழி
இரத்தத்தில் இறங்காது.
முஸம்மிலுக்குப் பிறக்கும் பிள்ளை
திரும்பவும் "ம்" என்பதில்தான் தொடங்கும்.
அதன் வழி எதுவரை போகும் என்று
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
"படு, காலையில பாப்பம்" என்றேன்.

இன்று கல்லடிக்குத் திரும்பும் பஸ்ஸில்
கொண்டக்டர் பொடியன் மெஷினை அமுக்கி
கடதாசி கிழிக்கிறான். ஊர்பேர் கூவுவதில்லை.
ஒன்பது வருடம் போய்வரும் பாதைதானே,
மெல்ல நானே சொல்லிப் பார்த்தேன்.
பாண்டிருப்பு. மருதமுனை.
செட்டிபாளையம்வரை சரி.
அங்கே நாக்கு நின்றது.
மறுகா?

யன்னலில் இருட்டு.
ஒரு பெயர்ப்பலகை வந்தது,
எழுத்துக் கூட்டுமுன்
பின்னால் போய்விட்டது.