இடைக்கால அறிக்கை

பெறுநர்: சுகிர்தமலர் நினைவு ஆய்வுக்கொடைக் குழு.
அனுப்புநர்: தே. டிலக்சனா, விவசாயம், நான்காம் வருடம்.
பொருள்: வலிகாமத்து வீட்டுவளவுப் பயறினங்கள்.

முதல் தவணை கிடைத்தது. நன்றி.
கடதாசிப் பை, ஈரப்பதமானி வாடகை,
ஸ்கூட்டிக்குப் பெற்றோல்.
பெற்றோல் பற்றுச்சீட்டு மழையில் கரைந்துவிட்டது.
நம்ப வேண்டுகிறேன்.

நீர்வேலி, ஏழாலை, புன்னாலைக்கட்டுவன், அச்சுவேலி:
நூற்றியாறு வளவு.
நாய் கலைக்காத வளவு பதின்மூன்று.

"என்ன இனம் அம்மா?"
"பயறு."
"பேர்?"
"பயறுக்கு ஆர் பிள்ளை பேர் வைக்கிறது?"
ஏழாலையில் ஒருவர் மட்டும்
கடகத்தை இறக்கி வைத்து யோசித்தார்:
"இது பரமேசக்கான்ரை."
பரமேசக்கா எங்கே என்றதற்கு
மதிலுக்கு அங்கால் பூட்டிக்கிடந்த வீட்டைக்
கண்ணால் காட்டினார்.
உள்ளூர்ப் பெயர் என்ற நிரலில்
அப்படியே எழுதினேன்: பரமேசக்கான்ரை.

குழு என்பது நீங்கள் ஒருவர்தான் என்று
மூன்றாவது அழைப்பில்தான் விளங்கியது.
நோர்வேயில் விடியாத காலை,
மீன் பெட்டி அடுக்கிவிட்டு வந்து
கையுறை கழற்றும் சத்தம் கேட்டது.

படிவத்தின் நாலாம் கேள்விக்கு,
"நினைவுகூரப்படுபவரைப் பற்றி நீர் அறிந்தது யாது",
துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து எழுதியிருந்தேன்.
அதை வெட்டிவிட்டு
நீங்கள் சொன்னதை எழுதுகிறேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி. மழை.
உடுப்புப் பெட்டியை விட்டுவிட்டு
அக்கா தோளில் போட்டது பதினொரு துணிப்பை,
ஒவ்வொன்றிலும் நூலால் தைத்த இலக்கம்.
நாவற்குழிப் பாலத்தில் இராமுழுக்க
ஒரு அடி, பிறகு நிற்பு, பிறகு ஒரு அடி.
கொடிகாமத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் நாள்,
ஒரு வகுப்பறைக்குள் நாற்பது பேர்,
கரும்பலகைக்குக் கீழே
அழுது அழுது குரல் அடைத்த ஒரு குழந்தை.
அக்கா இலக்கம் பார்க்கவில்லை.
பதினொன்றும் ஒரே கிடாரம்.
ஆளுக்கு அரைச் சிரட்டை வந்ததாம்.

"என்ரை ஆய்வு அவிஞ்சு போச்சு" எண்டு சிரிச்சவள்.
சொல்லிவிட்டு நீங்கள் கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு, "ஆனா பிள்ளை,
அதுக்குள்ளை ஏதோ ஒண்டு கசந்தது."

அவருடைய ஆய்வில் மிஞ்சிய தரவு
இந்தக் கசப்பு மட்டும்.

என் படிவத்தில் நிறம் உண்டு,
நூறு விதையின் நிறை உண்டு,
பூக்கும் நாள் உண்டு, நெற்றின் நீளம் உண்டு.
கசப்புக்கு நிரல் இல்லை.
அதனால் விடுதியின் சோற்றுக்குக்கரில்
வார்டன் படுத்த பிறகு அவிக்கிறேன்,
ஒரு தடவைக்கு ஒரு மாதிரி, உப்பில்லாமல்.
இரண்டாவது நாக்கு, அறைத்தோழி விதுசியா, கணக்கியல்.
முப்பத்தொரு மாதிரிக்கும் அவள் முடிவு ஒன்றே:
"பயறு மாதிரித்தான் இருக்கு."

முளைதிறன்: நூற்றுக்கு எண்பத்தெட்டு.
ஒரே ஒரு மாதிரிக்கு நாலு.
அது அலுமாரியில், துணி சுற்றி, கற்பூரம் போட்டு,
மகன் வருவான் என்று
பத்திரமாக வைத்திருந்த பயறு.
பரமேசக்கான்ரை தொண்ணூற்றேழு.
வருசாவருசம் யாரோ தின்று, யாரோ மறந்து சிந்தி,
மதிலால் எட்டி வந்த பயறு அது.

கசந்த இனம்: இதுவரை கிடைக்கவில்லை.
இதை முடிவு என்று எழுதலாமா என்று
மேற்பார்வையாளரிடம் கேட்டேன்.
எழுதும் என்றார்.

விதைவங்கிக்குப் போகும் பைகளில்
எண்ணித்தான் போடவேண்டும்.
நான் எண்ணிப் போட்ட பிறகு
ஒவ்வொன்றிலும் ஒரு பிடி மேலே போட்டுக் கட்டுகிறேன்.
ஏன் கூடுகிறது என்று அவர் தராசைப் பார்த்துக் கேட்டார்.
கணக்குப் பிழை, சேர், என்றேன்.

இரண்டாம் தவணைக்கான விண்ணப்பம் இத்துடன்.

அறிக்கைக்கு வெளியே ஒரு கேள்வி, அக்கா.
அன்றைக்குக் கிடாரத்தில்
உப்புப் போட்டீர்களா?