கழுத்து பதினேழரை

கப்பல் கம்பெனி அனுப்பிய தாளை
எல்லோரும் நான்காக மடித்தே கொண்டுவருகிறார்கள்.
பதினான்கு இரவில் நான்கு இரவு கறுப்புக் கோட்.
மாலை ஆறு மணிக்குமேல்
ஜீன்ஸ் கூடாது, கால்விரல் தெரியக் கூடாது.
உடுத்த மனமில்லாதவர்கள்
பதினோராம் தளத்தில் தட்டேந்திச் சாப்பிடலாம்.
நாடுகடத்துவதைக்கூட
எத்தனை பணிவாக எழுதுகிறார்கள்.

சவுதாம்ப்டன், செயின்ட் மேரி தெரு,
வாடகைக் கோட் கடை.
முன்பின் தெரியாத ஆண்களின் கழுத்தில் நாடாவைச் சுற்றி
இரண்டு விரலை உள்ளே விட்டு
மூச்சு வருகிறதா என்று கேட்பது என் வேலை.
கட்டியவனின் கழுத்தளவு
இன்றுவரை எனக்குத் தெரியாது.

மால்கம் பிரிஜர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்,
பதினேழரை.
பட்டாம்பூச்சி டை மாட்டியதும்
கண்ணாடியில் தன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.
"சூப் குடிக்கும்போது கோட்டைக் கழற்றலாமா?"
தாளைப் பிரித்து இருவரும் தேடினோம்.
சூப் பற்றி ஒன்றுமில்லை.
டாரீன், அவர் மனைவி,
பழைய துணிக்கடையில் எட்டுப் பவுனுக்கு எடுத்த
ஜிகினா கவுனைப் போனில் காட்டினாள்.
"நான் தயார். இந்த மனுஷன்தான் பாக்கி."

ரீடிங்கிலிருந்து டாக்டர் கங்கேயன் வந்தார்.
தாளின் கடைசி வரியில் விரல் வைத்தார்:
தேசிய உடையும் ஏற்கப்படும்.
எந்த தேசம் என்று
நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
நாற்பத்தாறாம் எண் கோட்டை
எடுத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை கப்பல் கிளம்பவில்லை.
முதலில் காற்று என்றார்கள்.
அப்புறம் இயந்திரம்.
அப்புறம் சமையலறைக்கு மின்சாரம் இல்லை,
விரும்புகிறவர்கள் கரைக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று
ஏழே கால் மணிக்கு ஒலிபெருக்கி.
அதற்குள் எல்லோரும் உடுத்தி முடித்திருந்தார்கள்.

முகூர்த்தம் தப்பிய மண்டபம்போல
விளக்கெரிய நின்றது கப்பல்.

கணக்கு முடித்து நான் ஷட்டரை இறக்கும்போது
பார்கேட் வளைவுக்குள்ளிருந்து
மழையில் வந்தார்கள்,
அமாவாசைச் சோற்றுக்கு இறங்கும் காக்கைகளாய்.
முகங்களை நான் பார்க்கவில்லை.
அதோ எண்பத்தொன்பது, உள்துணியில் என் தையல்.
அதோ நூற்றுப்பன்னிரண்டு,
இடதுகைப் பொத்தான் மட்டும் வேறு நூலில்.
நாற்பத்தாறு தனியாக,
குடை இல்லாமல்.

மீன் வறுவல் கடையில் வரிசை தெருவரை.
எனக்கும் பசி; போய் நின்றேன்.
எனக்கு முன்னால் நின்ற
தொப்பிச்சட்டைப் பையன் திரும்பிப் பார்த்தான்.
ஜிகினாவையும் வைர மூக்குக்கண்ணாடியையும் பார்த்தான்.
ஒருமுறை குனிந்து தன்னைப் பார்த்தான்.
பிறகு
ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

பஸ் நிழற்குடையில் மால்கம்.
காகிதப் பொட்டலத்தில் காட் மீன், பட்டாணி மசியல்.
கோட்டில் ஒரு பொத்தானும் திறக்கவில்லை.
"இங்கே கழற்றலாமே" என்றேன்.
வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்:
"இன்று கோட் இரவு, அம்மா."
அவர் தோளில் சாய்ந்து
டாரீன் விரலில் ஒட்டிய உப்பைச் சப்பிக்கொண்டிருந்தாள்.
பதினெட்டாம் எண் பஸ் வந்தது.
டிரைவர் அவரை அடையாளம் கண்டு
ஹாரன் அடித்தான், நீளமாக,
துறைமுகத்தில் அன்று யாரும் அடிக்காத ஒன்றை.

செவ்வாயன்று பயணம் ரத்து.
கோட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.
நாற்பத்தாறின் பையில்
மரத்தாலான சிப்ஸ் முள்கரண்டி,
உபயோகிக்காதது.
அவர் கையால்தான் சாப்பிட்டிருக்க வேண்டும்.

பதினேழரையின் மார்ப்பட்டையில் ஒரு கறை.
அபராதப் படிவத்தில் கட்டங்கள்:
ஒயின், சாஸ், மெழுகு, மற்றவை.
பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு
இதே கோட்டைக் கேட்டு வைத்திருக்கிறார்கள்.
இரண்டுமுறை வெளுத்தும்
முகர்ந்தால் லேசாக வினிகர்.
மாப்பிள்ளைக்குச் சொல்லப் போவதில்லை.