பாய்

பேட்டை அரிசி ஆலையில்
சுமைதூக்குவோர் நலநிதித் தகரப்பெட்டியில்
பதினோராயிரத்து நானூறு குறைந்தது.
பூட்டு உடையவில்லை.

அன்று ராத்திரியே கலைத்தோம்
சுக்ராவின் பாயை. கேட்கக்கூட இல்லை.
ஜார்க்கண்டுக்காரன், வேறு யாருடையதைக் கலைப்பது?
இரண்டு சட்டை, கைக்கண்ணாடி,
செய்தித்தாளில் சுற்றிய கடுகெண்ணெய்ப் பாட்டில்.
நான் பொருளாளர்.
டார்ச் பிடித்தது நான்தான்.

ஏழாம் நாள் மாசானம் தானே வந்து நின்றான்,
மகளுக்கு ஸ்கேன் எடுத்த ரசீதோடு.
சாவி நான் கொடுத்துவைத்தது.

"சுடல முன்னால சூடம் அணைக்கட்டும், இனி தொடமாட்டேன்னு."
"போலீசுக்குப் போவோம்வே."
காஜா மைதீன் மட்டும் விரல்விட்டு எண்ணினார்:
"எட்டு மாசத் தவணை. வட்டி கிட்டி வேண்டாம்."
கூட்டம் அதில் நின்றது.
டீ வந்தது, வடையும்.

சுக்ரா டம்ளரைத் தொடவில்லை.
மூன்று வருஷத் தமிழில் கேட்டான்:
"பணம் சரி. என் பாய்?"

"என்னல சொல்லுதான்?" என்றார்கள்.
"மாசானம் வீட்ல தேடல" என்றான்.
மாசானம்தான் முதலில் தலையைக் குனிந்தான்.

கிடங்குக்குப் போனேன், எல்லோரும் பின்னால்.
ஏழு நாளாக அப்படியே கிடந்தது,
உமி படிந்து.
உதறினேன். சட்டைகளை மடித்தேன்.
மன்னிப்பு என்ற சொல்லை
அவன் பாஷையில் கேட்டுவைக்கவில்லையே என்று
அப்போதுதான் தோன்றியது.
தமிழில் சொன்னேன்.
மூட்டை தூக்கும் கைக்கு மடிப்பு எங்கே வரும்?
அவன் குனிந்து, சட்டைகளைப் பிரித்து,
தன் வழக்கப்படி மடித்துக்கொண்டான்.

வரவு: மாசானம், முதல் தவணை,
ஆயிரத்து நானூற்று இருபத்தைந்து.
அதற்குக் கீழே
ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன்.
தணிக்கைக்கு வருபவர் கேட்பார்.