ஆட்சேபனை இலக்கம் நாற்பத்தொன்று

வீடுகளுக்கு மஞ்சள்.
ஆலைகளுக்கு ஊதா.
மேசையில் விரிந்து கிடக்கிறது திருகோணமலை,
மூலைகள் சுருளாதிருக்க
நான்கு தேநீர்க் கோப்பைகளின் பாரத்தில்.

இன்னும் இருபது வருடத்தில் எத்தனை பேர் என்று
கொழும்பிலிருந்து ஓர் எண் வந்திருக்கிறது.
அத்தனை பேருக்கும்
கந்தளாயிலிருந்து வரும் அதே குழாய்.
வரப்போகும் ஆலைக்கும் அதே குழாய்தான்.
லிங்கநகரில் என் வீட்டில்
இரவு பதினொன்றுக்குப் பிறகுதான் அது இருமத் தொடங்கும்.
வாளியோடு விழித்திருப்பது என் முறை.

மஞ்சளைக் கொஞ்சம் நகர்த்தினால் காடு.
ஊதாவைக் கொஞ்சம் நகர்த்தினால் குடா.
இரண்டும் நகராவிட்டால்
பணிப்பாளர் என்னை நகர்த்துவார்.

ஆட்சேபனைகள் அறுபது வந்தன.
ஆலை வேண்டாம் என்று பல.
வேலை வேண்டும் என்று பல.
சிலதில் இரண்டும், ஒரே கையெழுத்தில்.

நாற்பத்தொன்றாவது
கொப்பித் தாளின் இரு பக்கமும் நிறைந்து
வெள்ளைமணலிலிருந்து, சித்தி ஜெசீமா:

"எங்கட வளவுக்கு மேற்கே இருக்கிற சீமெந்து ஆலையில
மூத்தவன் மூட்டை கட்டுறான்.
அதை மூடினா அவனுக்குக் கட்டார்தான்.
இளையவளுக்கு இழுப்பு.
ஆலையை எடுக்கச் சொல்லேல்ல.
எங்களையும் எடுக்காதீங்க.
கச்சான் அடிக்கிற மாசங்களில
கொடியில காயிற பள்ளிச் சட்டை சாம்பலாப் போகுது.
வாடைக்கு வெள்ளையாவே இருக்கு.
உங்கட படத்தில
கச்சான் என்ன நிறம்?"

"வறுத்த நிறம்" என்று சிரித்தான்
பக்கத்து மேசைக் கயூரன்.
நானும் சிரித்துவிட்டேன்.
பிறகு குறிப்புப் பெட்டியைப் பார்த்தேன்:
பதினேழு நிறங்கள்,
மயானத்துக்கு ஒன்று,
கோட்டையடி மான்களுக்குக்கூட ஒரு பச்சை.
காற்றுக்கு இல்லை.
மூலையில் வடக்கைக் காட்டும் ஓர் அம்பு,
அதுவும் அசைவதில்லை.

வானிலைப் பதிவேட்டை இரவல் வாங்கி
பென்சிலால் கோடிழுத்தேன்.
புதிய ஊதாவில் புறப்பட்ட கோடு
நேரே போய் இறங்கிய மஞ்சள்
நான் போன மாதம் தீட்டியது.
இரண்டாயிரம் வீடுகள்.

பணிப்பாளர் வெகுநேரம் பார்த்தார்.
"காற்றுக்கு உறுதி இருக்கா?" என்றார்.
பிறகு, சிரிப்பில்லாமல்,
"ஊதாவைத் தள்ளினால் மூன்று கிலோமீற்றர் பாதை போடவேணும்.
ஆர் காசு?"

எனக்குத் தெரியவில்லை.
வந்திருந்து
ஊதாவை அழிக்கத் தொடங்கினேன்.
றப்பர் பட்ட இடம் வெள்ளையாகவில்லை.
எட்டு வயதுப் பிள்ளையொன்றின்
சட்டைக் கொலர் அளவுக்குச் சாம்பல்.
ஊதி விட்டேன்.
தூள் கிழக்கே போனது.