நிழல் ஆய்வு

ஒன்றாம் திகதி மட்டும் படியிறங்கி வருகிற
குலவீரசிங்கம் ஐயா
பதினேழாம் திகதி வந்து கதவைத் தட்டினார்.
கையில் ஒரு தாள், தமிழில், தானே தட்டச்சு அடித்தது:
'முப்பத்தொரு மாடிக் கட்டடத்தை நாம் எதிர்க்கிறோம்.'

நாம்.
போன வருடம் வாடகை கூட்டியபோது
'நாங்கள் என்ன பிள்ளை செய்யிறது, வரி ஏறிப்போச்சு' என்றார்.
அந்த நாங்களுக்குள் நான் இருக்கவில்லை.
இந்த நாமுக்குள் இருக்கிறேனாம்.
கையெழுத்து வைத்தேன், இருபத்தாறாவதாக.
பேனை அவருடையது.

ஸ்காபறோவில், ஃபின்ச் வீதியில்
லோண்ட்றியும் றொட்டிக்கடையும்
பூட்டிக்கிடக்கும் கம்பளக்கடையும்
ஒரே தகரக் கூரைக்குக் கீழ் நிற்கிற இடம் அது.
அறிவித்தல் பலகை நட்டு ஏழு மாதம்.
அதில் வரைந்த கட்டடத்துக்கு முன்னால்
வரைந்த மனிதர்கள் வரைந்த நாய்களோடு போகிறார்கள்.
ஒருவர் தோளிலும் ஊத்தை உடுப்புப் பை இல்லை.

கூட்டம் சிவிக் சென்ரரில்.
இரவு வேலை முடித்து நித்திரையில்லாமல் போனேன்.
ஆளுக்கு மூன்று நிமிடம்;
பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு சின்ன விளக்கு.

திட்டமிடல் அலுவலர் நிழலைத் திரையில் போட்டார்.
மார்ச் இருபத்தொன்று. காலை ஒன்பது பதினெட்டு.
பத்து பதினெட்டு.
ஏன் இந்தப் பதினெட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.
சாம்பல் நிறத்தில் அது
கூரை கூரையாக ஏறி இறங்கி
மூன்று பதினெட்டுக்கு ஐயாவின் வீட்டைத் தொட்டது.
'பாரும், பாரும்' என்று முழங்கையில் தட்டினார்.
பார்த்தேன்.
கூரை இருந்தது. புற்றரை இருந்தது.
அவருடைய கத்தரிப் பாத்திகூட ஒரு பச்சைப் பெட்டியாக இருந்தது.
நிலத்தோடு ஒட்டிய என் யன்னல்,
ஒன்றரை அடி உயரம், முன்னால் குப்பைத்தொட்டி,
அது படத்தில் இல்லை.
எந்த மாதத்திலும்
எந்தப் பதினெட்டிலும் இல்லை.

மூலை வீட்டு வெர்னா தன் பியோனிச் செடிகளுக்காக அழுதாள்,
உண்மையாகவே அழுதாள்.
கம்பனியின் சட்டத்தரணி
'கட்டுப்படியான வீடுகள் நாற்பது' என்றார்.
'ஆருக்கு?' என்று பின்வரிசையில் ஒரு பொடியன்.
சிரிப்பு அடங்குவதற்குள் விளக்கு சிவந்தது.

பதினான்காவது நான்.
'பெயரும் முகவரியும், பதிவுக்காக.'

நாலு வசனம் பாடமாக்கி வந்திருந்தேன்.
முகவரியைப் பாடமாக்கவில்லை.
ஐம்பத்தொன்பதாம் இலக்கம்.
அதற்குப் பிறகு ஒரு சொல் இருக்கிறது, கீழே என்று.
அதைச் சொன்னால் நாளைக்கு ஒரு பரிசோதகர் வருவார்,
முகட்டை அளப்பார், யன்னலை அளப்பார்,
சட்டத்துக்குப் பொருந்தாத ஓர் அறையிலிருந்து
என்னையும் மகனையும் காப்பாற்றி
வீதியில் விடுவார்.
இரண்டாவது வரிசையில் ஐயா
மடியில் கிடந்த தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார்.

'ஐம்பத்தொன்பது' என்றேன். காணும்.

பிறகு அந்த நாலு வசனமும் வரவில்லை.
வேறொன்று வந்தது:
'கட்டி முடிய நாலு வருசமாம்.
அதுவரைக்கும் நாங்கள் உடுப்பை எங்க தோய்க்கிறது?'
மொழிபெயர்த்த பெண் அந்த நாங்களை
ஆங்கிலத்தில் ஒரே எட்டில் தாண்டிவிட்டாள்.
அதற்குள் எல்லாரும் ஏறிவிட்டார்கள்,
வெர்னா, சட்டத்தரணி, ஐயாவும்.

'நல்ல கேள்வி' என்று அலுவலர் குறித்துக்கொண்டார்.
எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது.
விளக்கு பச்சையாகவே நின்றது,
நான் கதிரைக்குத் திரும்பிய பிறகும்.

நாலரைக்கு முடிவு:
முடிவு செப்டெம்பருக்குப் பிற்போடப்பட்டது.
வென்றதுபோல் சிலர் கைதட்டினார்கள்.

காரில் ஐயா வானொலியைப் போடவில்லை.
வாசலில் சாவியைத் தேடியபடி, திரும்பாமல்,
'ஞாயிறு பின்னேரத்தில மேல் மிஷினைப் பாவிக்கலாம்' என்றார்.
இரண்டு படி இறங்கியிருப்பேன்.
'ஒரு தரத்துக்கு மூண்டு டொலர் வையும் பிள்ளை.'

லோண்ட்றியில் நாலே கால்.