இருபத்து மூன்று

பெயர் எழுதக் கூடாது என்பது விதி.
ஆகவே இருபத்து மூன்று.

கடலூர் முதுநகர், மாடி லேப்.
முப்பத்தொரு மவுஸ். அதில் நான்கு
இரண்டு தரம் அழுத்தினால்தான் கேட்கும்.
பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள்,
கேள்விக்கு நான்கு நிமிடம்.
நான் கணக்கைப் பார்ப்பதில்லை.
ஒரு விசைக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை மில்லிநொடி,
எத்தனை முறை அழித்தார்கள்,
அம்புக்குறி நேரே போயிற்றா, இல்லை
கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடும் கைபோல
விடையைச் சுற்றிச் சுற்றித் தடவியதா
என்பதையெல்லாம் கூட்டினால்
மனச்சுமை.
என் ஆய்வேட்டின் முதல் பக்கம் அப்படித்தான் சொல்கிறது.

வியாழன், மூன்று பத்து, ஆறாம் கேள்வி.
எல்லாக் கோடுகளும் ஏறின.
ஒருவன் எண்பத்தொரு நொடி எதையுமே தொடவில்லை.
'கடினம்' என்று குறித்துக்கொண்டேன்.
கொஞ்சம் சந்தோஷமும்கூட,
கருவி வேலை செய்கிறதே.

இருபத்து மூன்று மட்டும் ஏறவில்லை.
ஐந்தாவதற்கு எப்படியோ அப்படியே ஆறாவதற்கும்,
காற்றில்லாத நேரத்து உப்பனாறு மாதிரி.
விடையும் சரி.
ஒட்டாத தரவு, நீக்கலாம் என்றது மென்பொருள்.
நீக்கினேன்.

திங்களன்று கோதண்டபாணி
ஜன்னல் கொக்கிகளுக்கு எண்ணெய் விட்டபடி சொன்னார்:
"அன்னிக்கு மூணு மணிக்கு சிப்காட் காத்து மேடம்.
அழுகின முட்டை நாத்தம்.
நீங்க ஏசி ரூம்ல ஸ்கிரீனப் பாத்துட்டு இருந்தீங்க.
நான்தான் ஓடி ஓடி சாத்தினேன்."

ஒரு கையால் மூக்கு, மறு கையால் மவுஸ்.
என் அட்டவணையில் அதற்குப் பத்தி இல்லை.

மூலை மெஷினில் உட்கார்ந்த பெண் எந்த ஊர் என்றேன்.
ஆலைச் சுவரை ஒட்டிய ஊரைச் சொன்னார்.

நீக்கிய வரியைத் திரும்பக் கொண்டுவந்தேன்.
அதே தட்டைக் கோடு.
சுமை: குறைவு.
அந்தச் சொல்லை அழித்தேன், மறுபடி அடித்தேன்,
அழித்தேன்.

எண்ணெய்க் குப்பியோடு படியிறங்கியவர்
பாதியில் நின்றார்.
"எல்லாம் தேங்க்ஸ்ணேன்னுச்சுங்க.
அந்தப் பொண்ணு மட்டும்,
ஏண்ணே சாத்துறீங்க, புழுங்குதேன்னுச்சு."