பதிலுக்கு விட்ட இடம்

சனிக்கிழமை. கோர்ட் இல்லை.
ஆமர் வீதியில் பஸ்ஸைக் கைவிட்டு நடக்கிறேன்.
புதுச் செருப்பு, இடது கால் மட்டும் கடிக்கிறது.

மருதானையில் பல் கட்டும் கடைக்கும்
லொத்தர் மேசைக்கும் நடுவே சுனேத்தின் கடை.
பக்கவாட்டாய்த் திரும்பினால் நுழையலாம்.
பைலா ஒரு கட்டு, பிரித் ஒரு கட்டு.
'தெமள' என்று சோக்கால் எழுதிய பெட்டிக்குள்
ஓர் அரபுத் தட்டு, ஒரு ஹங்கேரி வயலின்.
அவருக்கு வாசிக்க வராதது எல்லாம் தமிழ்.

நான் உருவியது உறையில்லாதது.
நடுவட்டத்தில் பெயரைப் பூச்சி தின்றிருந்தது.
என்ன பாட்டு?
போட்டால் தெரியும் என்றார்,
போட மெஷினில் பெல்ட் இல்லை என்றார்,
முந்நூறு என்றார்.
இருநூற்றைம்பதுக்கு இறங்கி
என் சிங்களத்தை மெச்சினார்.

மெச்சாமல் என்ன.
புதுக்கடையில் பதினொரு வருஷமாக
நான் பிறர் வாய்.
"சைக்கிளை நான்தான் எடுத்தேன்" என்பேன்.
"அவர் என்னை அடித்தார்" என்பேன்.
மத்தியானத்துக்குள் மூன்று பேராய் அழுது முடித்து
கன்டீனுக்கு இறங்குவேன்.
அங்கேதான் என் சொந்த வாக்கியம்:
பிளேன்டீ, சீனி குறைய.

பெல்ட் இல்லாத மெஷின் ஒன்று
கொம்பனித்தெருவிலும் கிடக்கிறது,
றம்லானின் கிளப்பில்.
ஆகவே பஞ்சிகாவத்தை.
கழற்றிய லொறிகளின் ஈரல், குடல்,
கண்ணாடிக் கண்கள் ஒரு கூடை நிறைய.
இஸ்மத் நானா "எந்தக் கார்?" என்றார்.
பாட்டுப்பெட்டி என்றேன்.
தட்டை வாங்கி வெயிலுக்குச் சரித்துப் பார்த்தார்,
பிஸ்டன் பார்க்கிற கண்ணால்.
"கோடெல்லாம் நல்லம் மகள்.
நடுவால நடுவால வெறுமையா ஈக்கிது."
வீடியோ டெக்கின் பெல்ட் ஒன்று பொருந்துமாம்.
சுனேத்திடம் மிச்சம்பிடித்த ஐம்பது
அவர் சட்டைப்பைக்குப் போனது.

நேர்வழி இருந்தும் புறக்கோட்டையால் சுற்றினேன்.
மல்வத்தை வீதியில் இரண்டு வண்டில்,
இரண்டிலும் ஒரே பதிவுக் குரல்:
நூறு நூறு எதையெடுத்தாலும் நூறு.
ஒன்று மற்றதற்கு அரை விநாடி பின்னால்.
என் தொழிலும் அந்த அரை விநாடிதான்.
நின்று கேட்டேன். ஒருவர் வடிகட்டி விற்றார்.
வாங்கினேன், ஏன் என்று தெரியாமல்.

பேரை வாவியில் கூழைக்கடாக்கள்
ஆபீஸ் முடிந்தவர்கள்போல் அமர்ந்திருந்தன.

கிளப்பின் மாடியில் கல்யாணக் கோஷ்டி
மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தது.
பியூலா கீபோட்டின் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப.
றம்லான் மெஷினைத் துடைத்து
பெல்ட்டை மாட்டினான். கொஞ்சம் இறுக்கம்.
ஊசி இறங்கியது. எல்லாரும் பாட்டுக்குக் காத்திருக்க

ஓர் ஆண்குரல், சற்று அவசரமாக:
"மேக்க மகே கெதர."
பிறகு ஒன்றுமில்லை. சரசரப்பு. நாலு விநாடி.

சிங்களம் படிக்கும் தட்டு.
இது என் வீடு என்று சொல்லிவிட்டு
நாமும் சொல்ல இடம் விட்டிருக்கிறான்.
யாரும் சொல்லவில்லை.

அடுத்த இடைவெளிக்கு றம்லான் டிரம்மில் ஏறிவிட்டான்.
வசனம், தடதட, வசனம், தடதட.
மணிக்கூடு எத்தனை? தடதட.
சந்தை எங்கே? தடதட, சிம்பல்.
பியூலா மேசையில் தலைவைத்துச் சிரித்தாள்.

"ஒபே நம குமக்த?"

றம்லான் குச்சிகளை உயர்த்தினான்,
அடிக்கவில்லை. என்னைப் பார்த்தான்.
சரசரப்பு ஓடியது.
வாய் தானாகத் திறந்தது, தெளிவாக,
கூண்டருகே நிற்கிற அதே குரலில்:

"உங்கள் பெயர் என்ன என்று கேட்கிறார்."

நாலு விநாடி முடிந்தது.
தட்டுக்காரன் பஸ் கட்டணம் விசாரிக்கப் போய்விட்டான்.
கையில் வடிகட்டியோடு நின்றேன்.
"திரும்பப் போடட்டா?" என்றான் றம்லான்,
விரல் ஏற்கெனவே ஊசிக்கு அடியில்.